உறை போட்ட ஸ்பீக்கர்

எர்ணாவூரில் எதை வாங்கினாலும் முதலில் அதற்கு உறை தைக்க வேண்டும். ஒரு பக்கம் கடல் உப்பு, மறு பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல். டிவி, மிக்ஸி, ரிமோட் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும். வீட்டில் வெற்றுடம்போடு திரிவது நான் ஒருவன்தான்.

என் மனைவி மாதா கோயில் பாடகர் குழுவில் பல வருடமாக, பூசையில் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாடுகிறவள். மீன்வலை பின்னும் கம்பெனியில் மெஷின்களுக்கு நடுவே இருபது வருடம் நின்றவள், அதனால் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனைவரை கேட்கும். போன வருடம் மாதா திருவிழா ஒத்திகையில் அந்தக் குரல் தடுமாறியது. கீபோர்டு முன்னிசை வாசித்து முடித்த பிறகும் பாட்டை எடுக்காமல் நிற்கிறாள். எடுத்தால் சுருதி சேரவில்லை. குழுவை நடத்துபவர் நாசூக்கானவர். "இந்தத் திருவிழாவுக்கு வேற யாராவது பாடட்டுமாக்கா?" என்று கேட்டிருக்கிறார். அன்று அவள் சாப்பிடவில்லை.

"அவரு வாட்ஸ்அப்ல அனுப்புற பாட்டு போன்ல சரியாவே கேக்கலய்யா. அப்றம் எப்டி கத்துக்குறது?" என்றாள்.

எனக்கு அது போதும். நான் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஆனால் யூடியூபில் ஸ்பீக்கர் விமர்சனங்கள் பார்த்துப் பார்த்து, மனதளவில் ஒலிப் பொறியாளன் ஆகியிருந்தேன். உடனே சமையலறைக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வந்தது.

"இன்னாய்யா இது, வாயில துணிய வச்சினு பாடுற மாரி கீது" என்றாள்.

ஹாலில் சார்ஜில் கிடக்கும் போனுக்கும் சமையலறைக்கும் நடுவே இரும்பு பீரோ நிற்கிறது, சிக்னலை அதுதான் தின்கிறது என்று கண்டுபிடித்தேன். புளூடூத்தை மைத்துனனுக்குத் தள்ளிவிட்டு வைஃபை ஸ்பீக்கர் வாங்கினேன். அப்போதும் துணிதான். சீரியல் பல்புக்கான பிளக் அங்கே இருக்கிற வசதிக்காக ரவுட்டர் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாதாவை நகர்த்த முடியாது என்பதால் ரவுட்டரை நகர்த்தினேன். பிறகு ஒரு துளி ஒலியும் குறையாமல் அனுப்பும் 'லாஸ்லெஸ்' முறைக்கு மாறினேன். குழு நடத்துபவர் தன் வீட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து போனில் பதிந்த பாட்டு அது. ஃபேன் சத்தம் ஒரு துளி குறையாமல் வந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரை உற்றுப் பார்த்தேன். அதுவும் உறைக்குள்தான் இருந்தது. தடித்த பிளாஸ்டிக், ஓரத்தில் நாடா தைத்து இறுக்கிக் கட்டியிருந்தாள். இத்தனை நாளும் அது என் கண்ணில் படவே இல்லை. எர்ணாவூர்க்காரன் கண்ணுக்கு உறை தெரியாது.

உறையைக் கழற்றிவிட்டுப் பாட்டைப் போட்டேன். எனக்குக் கண்ணாடி மாதிரி கேட்டது.

"இப்ப எப்டிம்மே கீது?"

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா கிளியரா கீது" என்றாள். யார்டில் இரண்டு நாள் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஒத்திகையிலும் அவள் தாமதமாகத்தான் எடுத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது சமையலறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கருக்குப் பழையபடி உறை போட்டிருந்தாள். குனிந்து, காதை அதில் ஒட்டிவைத்து நின்றாள். நான் வந்தது தெரியவில்லை. தோளைத் தொட்டேன்.

"கவர் ஏம்மே மறுபடி போட்ட?"

"சாம்பல் பட்டு வீணாப் பூடும்ல." பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கவர் போட்டாலும் எடுத்தாலும் எனுக்கு ஒரே மாரிதான்யா கேக்குது."

"அப்ப அன்னிக்கு கிளியரா கீதுன்னு சொன்ன?"

"நீ அவ்ளோ ஆசையா கேட்டியே."

அவமானமாக இருந்தது. அலைவரிசையும் ரவுட்டரும் பீரோவும் தெரிந்த எனக்கு, பக்கத்தில் படுத்திருக்கிறவளின் காது தெரியவில்லை. அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் அதையே மரியாதையாகக் கேட்டார். "மெஷின் சத்தத்துல போன காது. பல வருஷமா இப்படித்தான் இருந்திருக்கும். வீட்டுல யாரும் கவனிக்கலையா?" நான் சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் கொடுத்த காதுக் கருவி போனிலிருந்து பாட்டை நேராக வாங்கிக்கொள்ளும். அதுவும் புளூடூத்தான். ஒரு வாரம் சமையலறையில் கீபோர்டு சத்தமே இல்லை. ஸ்பீக்கர் உறைக்குள் தூங்க, அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தனக்கு மட்டும் கேட்கும் கீபோர்டுக்குத் தலையாட்டி, சரியான இடத்தில் எடுத்தாள். திருவிழாவிலும் அவளேதான் பாடினாள்.

பூசை முடிந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எத்தனையோ வருடப் பழக்கத்தில், நான் அவள் காதருகே குனிந்து உரக்கக் கேட்டேன்.

"எப்டிம்மே கேட்டுச்சி?"

அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"ஏன்யா கத்துற? மெதுவாப் பேசு."