பதினேழாவது ஸ்லைடு

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்யும் ஆலை அது. அங்கே பாய்லர்களைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியனுக்கு ‘முன்னுரை’ என்று பட்டப்பெயர். மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் வாங்கிய கதையிலிருந்து தொடங்குவார்.

அந்த மாதம் இரண்டாவது பாய்லரின் வெல்டிங்கில் ஒரு விரிசலைக் கண்டார். இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். பதில் இல்லை. விரிசல் பற்றிய வரி ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. பாய்லரை நிறுத்தச் சொல்ல மேனேஜரால்தான் முடியும். அவரைப் பிடிக்க முடிவது மாதாந்திரக் கூட்டத்தில்தான். பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள்.

வீட்டில் பேசிப் பார்த்தபோது மனைவி போனில் நேரம் பார்த்தாள்.

“பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. நீங்க இன்னும் பாய்லரை வாங்கவே இல்லையே.”

“அதைச் சொல்லாம விரிசல் எப்படிப் புரியும்?”

“எடுத்த எடுப்புல விரிசலைச் சொல்லுங்க.”

அவருக்கு மனசு வரவில்லை. இருபது ஸ்லைடில் எதைத் தூக்கிப் போடுவது?

கூட்டத்துக்கு மேனேஜர் தாமதமாக வந்தார். “ஆறு நிமிஷத்துல முடிச்சிடுங்க” என்றார். இவர் எதையும் குறைக்கவில்லை, வேகத்தைக் கூட்டினார். நாக்கு குழறியது. நான்காவது ஸ்லைடில் யாரோ தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்க, அதற்கு விலாவாரியாகப் பதில் சொன்னார்.

“நேரமாச்சு. மீதியை மெயில்ல அனுப்பிடுங்க.”

விரிசல் பதினேழாவது ஸ்லைடில் இருந்தது.

மேசைக்கும் சுவருக்கும் நடுவே, கடைசி நாற்காலியில் போய் ஒடுங்கினார். வெளியே போக வேண்டுமென்றால் நாலு பேர் எழுந்து வழிவிட வேண்டும். விற்பனை அதிகாரி பேச ஆரம்பித்தார். அவருடைய பத்து நிமிடம் அரை மணி நேரமானது. நேரத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கீழே இரண்டாவது பாய்லர் முழு அழுத்தத்தில் ஓடுவது தரை வழியாக இவர் பாதங்களில் அதிர்ந்தது. அதிகாரி தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதெல்லாம் இவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஏசியிலும் சட்டை முதுகோடு ஒட்டியது. கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. இஸ்திரி போடும் பெண்கள் இந்நேரம் ஷிப்டுக்கு வந்திருப்பார்கள். அவர்கள் நிற்கும் இடம் பாய்லர் அறைச் சுவரை ஒட்டித்தான்.

எழுந்துவிட்டார். நாற்காலி சுவரில் இடித்தது.

“சார், ரெண்டாவது பாய்லர்ல விரிசல் விட்டிருக்கு. இப்பவே நிறுத்தணும். சுவருக்கு அந்தப் பக்கம் பதினோரு பேர் நிக்கறாங்க.”

மேனேஜர் பேனாவை வைத்தார்.

“இதை ஏங்க அப்பவே சொல்லல?”

அதற்கும் அவரிடம் நீண்ட பதில் ஒன்று இருந்தது. விழுங்கிக்கொண்டார்.

“நிறுத்தட்டுமா சார்?”

“போங்க. நிறுத்துங்க.”

நாலு பேர் எழுந்து வழிவிட்டார்கள். கீழே ஓடி எரிபொருளை அடைத்தார். இஸ்திரிப் பெண்களை வெளியே அனுப்பினார். மறுவாரம் பரிசோதகர் திறந்து பார்த்தபோது விரிசல் கட்டைவிரல் நீளம் இருந்தது. தகட்டில் மிச்சம் நின்றது காகிதக் கனம்தான்.

ஆனால் அன்று, அழுத்தம் உடனே இறங்கிவிடவில்லை. முள் பூஜ்யத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதுவரை அவர் பாய்லர் அறையை விட்டு நகரவில்லை.