சுக்கானை மண்ணாக்கியது யார்?

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஹவுஸ் ஓனரின் மனைவி என் காலில் விழப் போனார். என்னைவிட மூத்தவர். வாய் நிறைய 'அக்கா' என்று நான் கூப்பிடுகிறவர்!

ஏன் விழப் போனார்? சொல்கிறேன். அதற்கு முன்னால் என் மூன்று வருஷக் கதையைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நானே ஏதோ அராஜகம் செய்துவிட்டதாக நினைத்துக் கொள்வீர்கள்.

என் கணவருக்கு மாற்றலாகி நாங்கள் அரியலூருக்குக் குடி வந்தபோது, இந்த வீட்டுக் கொல்லை வெறும் பொட்டல். மேலே ஒரு சாண் கருப்பு மண் – வெயிலில் வெடித்து வாயைப் பிளந்து கிடக்கும். அதற்குக் கீழே சுக்கான். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்... சுண்ணாம்பும் களிமண்ணும் சேர்ந்து கல்லாக இறுகிப் போன மண். கடப்பாரையால் ஓங்கிக் குத்தினால் 'ணங்'கென்று நம் தோள்பட்டைதான் கழன்று போகும்.

"கொல்லையில கொஞ்சம் காய்கறி போட்டுக்கலாமாண்ணே?" என்று ஓனரிடம் கேட்டேன். அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். சிரித்தார்.

"தாராளமா போட்டுக்குங்கம்மா. ஆனா அது ஒண்ணுத்துக்கும் ஒதவாத எடம். எங்கப்பாரே கையை விட்டுட்டாரு. எருக்கு மொளைச்சாலே அதிசயம்!"

நாங்கள் கையை விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அரிசி களைந்த தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஊற்றி ஊற விடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இடத்தை மட்டும் என் கணவர் கடப்பாரையால் நெம்புவார். நான் சுக்கான் கட்டிகளைப் பொறுக்கிக் கூடையில் போடுவேன். பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போய் வேலியோரம் கொட்டுவார்கள். ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் தேறினால் அன்றைக்கு வீட்டில் பாயசம். திங்கட்கிழமை ஆபீசில் பேனா பிடிக்க முடியாமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் மனிதர்.

தோண்டினால் மட்டும் போதுமா? பள்ளத்தை நிரப்ப மண் வேண்டாமா? கோடையில் ஏரி வற்றியதும் மாட்டு வண்டி பிடித்து வண்டல் அடித்தோம். கடலை மில்லிலிருந்து தோலை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து கொட்டினோம். ஆட்டுக்காரரிடம் கெஞ்சிப் புழுக்கை வாங்கினோம். போகிறவர் வருகிறவர் எல்லாம், "ஏங்க, மார்க்கெட்டுல காய் கெடைக்கலியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

முதல் வருஷம் போட்ட வெண்டை, இலையெல்லாம் மஞ்சளாக வெளுத்தே செத்துப் போயிற்று. நான் அழுதேன். அடுத்த வருஷம் கொத்தவரை பிழைத்தது. இந்த வருஷம்தான் கத்தரி, வெண்டை, அவரை, செட்டிகுளத்திலிருந்து என் நாத்தனார் கொடுத்தனுப்பிய சின்ன வெங்காயம்... கொல்லை முழுக்கப் பச்சை! மண்ணில் கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போகிறது.

இப்படிக் காய்த்தால் ஊர்க் கண் படும் என்பார்கள். எங்களுக்கு ஓனர் கண்ணே பட்டுவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து கொல்லையை நாங்களே பாத்துக்கறோம்மா. நடுவுல ஒரு படல் கட்டிடறேன். 'இவ்ளோ நல்ல மண்ணை ஏன் மாமா அடுத்தவங்ககிட்ட வுட்டு வெச்சிருக்கீங்க'ன்னு மாப்ள கேக்கறாரு."

"அண்ணே, இது கல்லா கெடந்த எடம்ணே..."

"கல்லா? பூர்வீக மண்ணும்மா இது! எங்கப்பாரு கம்பும் சோளமுமா வெளைய வெச்ச எடம்." போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "நீங்க குடியிருக்கறது வூட்டுலதான? கொல்லையிலயா குடியிருக்கீங்க?"

எப்படி இருக்கும் எனக்கு? கல்லாகக் கிடக்கிறவரை அது ஒன்றுக்கும் உதவாத இடம். நாம் பாடுபட்டு மண்ணாக்கினதும் பூர்வீகச் சொத்து! இது என் கொல்லையில் மட்டும் நடக்கிற கதையா? தரிசைக் குத்தகைக்கு எடுத்துத் திருத்துகிற ஒவ்வொருவனுக்கும் இதுதானே நடக்கிறது? முதல் அறுப்பு முடிந்ததும் 'நிலத்தை விடுப்பா' என்று வந்து நிற்பதற்கு ஒரு ஆள் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறானே!

"விடு. வாடகை வூடு. சண்டை வேணாம்" என்றார் என் கணவர். சொன்னாரே தவிர, அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலை காயட்டும் என்று கொல்லையில் நின்றிருந்தேன். செடிகளைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்ததே தவிர, ஆறவில்லை. வாயால் சொன்னால்தானே நம்ப மாட்டார், கண்ணால் பார்க்கட்டும்! கத்தரிச் செடிக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினேன். விறுவிறுவென்று அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். கையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"அண்ணே! வெளிய வாங்க! இந்த மண்ணைப் பாத்து மனசாட்சியோட ஒரு வார்த்தை சொல்லுங்க!"

முதலில் வந்தது அக்கா. என்னைப் பார்த்ததும் அலறினார்.

"ஐயோ, மண்ணை வாரித் தூத்திடாதம்மா! எம் பொண்ணு மாசமா இருக்கா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படியிறங்கி ஓடி வந்து அவர் என் காலை நோக்கிக் குனிந்தபோதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை உச்சி வேளை. தலைவிரி கோலம். அழுது சிவந்த கண். ஓங்கிய கையில் பிடி மண். வயிறெரிந்த பெண் சாபம் விடும்போது எப்படி நிற்பாளோ, அச்சு அசலாக அப்படியே நின்றிருக்கிறேன்!

இன்னொரு கையால் அக்காவைத் தூக்கி நிறுத்தினேன். அந்தப் பெண் மேல் எனக்கு என்ன கோபம்? போன தடவை வந்தபோது என் கத்தரிக்காயை ஆசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். "உங்க பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கும்க்கா" என்று காதோடு சொன்னேன்.

அதற்குள் ஓனர் வந்துவிட்டார். முகம் வெளிறிக் கிடந்தது.

"கொல்லையை நீங்களே வெச்சுக்குங்கம்மா. நீங்க இருக்கற வரைக்கும் அது உங்களுதுதான். மாப்ளகிட்ட நான் சொல்லிக்கறேன். மண்ணை மட்டும் கீழ போட்டுடுங்க..."

மூன்று வருஷம் சுக்கான் பொறுக்கிய கைக்கு இந்த மனிதரிடம் ஒரு மரியாதையும் இல்லை. சாபம் விடும் கைக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்!

கையை விரித்தேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கூடவே ஒரு மண்புழுவும் விழுந்தது. இப்போதாவது குனிந்து பார்ப்பார் என்று நின்றேன். அவர் மண்ணைப் பார்க்கவே இல்லை. என் கை காலியாகிவிட்டதா என்றுதான் பார்த்துக் கொண்டிருந்தார்.

நான் சாபம் விட வரவில்லை என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை!