மஞ்சளாய் மாறிய ஆரத்தி

நெடுங்காலம் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அமில மழையைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று வேங்கிக்காலில் என் அண்டை வீட்டார் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அந்தப் பாடத்தை நான் முதன்முதலில் நடத்தியது என் பத்தாம் அகவையில், அதுவும் ஒரு புதுமாப்பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு என்பதை அவர்கள் அறியார்.

அடி அண்ணாமலையில் எங்கள் கூட்டுக் குடும்பத்திற்குக் கரும்பு நிலம் இருந்தது. வெல்லம் காய்ச்சும் ஆலை பெரியப்பாவின் பொறுப்பில் நடந்தது. சாறு பிழிந்த சக்கையை வெயிலில் உலர்த்தி, அதையே கொப்பரையின் அடியில் எரிப்பது வழக்கம். ஆயினும் கார்த்திகைத் தீபத்திற்கு ஊரெங்கும் பொரி உருண்டை பிடிப்பார்கள். வெல்லத்திற்குப் பெருந்தேவை எழும். மழையும் அப்போதுதான் பொழியும். அவ்வாண்டு சக்கை உலரவே இல்லை. பெரியப்பா திருவண்ணாமலைக்குச் சென்று ஒரு வண்டி நிறையப் பழைய டயர்களை ஏற்றி வந்தார். அடுப்பு அலறிக்கொண்டு எரிந்தது. கரும்புகை வாடைக்காற்றில் சாய்ந்து தெற்கே போயிற்று. மலையின் அடிவாரமே சில நாள்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை.

தெற்கே இருந்தது அத்தையின் சாமந்தித் தோட்டம். பெரியப்பாவின் தங்கையாகிய அவர், தீபத்தன்று பூவை நகரச் சந்தைக்கு அனுப்புவதற்காகவே ஆறு மாதம் அச்செடிகளைப் பிள்ளைகளைப் போல் வளர்த்திருந்தார். புகையின் ஊடே இறங்கிய இரண்டு மழைகளில் இலைகள் எங்கும் வெளிறிய புள்ளிகள் தோன்றின. மொட்டுகளின் விளிம்பு கருகியது.

"பூச்சி உழுந்திருக்கும். மருந்தடி" என்றார் பெரியப்பா.

"பூச்சி எலயத் தின்னும்ண்ணா. சூடு போட்டுட்டுப் போவாது. எல்லாம் உன் டயர் பொக பண்ற வேல."

"இன்னாம்மா பேசற நீ? மழத்தண்ணி எங்கனா செடியக் கொல்லுமா? சரி, பொகக் கொழாய ரெண்டாள் ஒயரம் ஏத்திடறேன். போதுமா?"

"ஏத்துனா எந் தோட்டத்த வுட்டுட்டு அடுத்தவ தோட்டத்துல போயி எறங்கும். அவ இன்னா பாவம் பண்ணா?"

உயர்ந்த புகைபோக்கி நச்சை ஒழிப்பதில்லை, தொலைவுக்கு அனுப்பிவைக்கிறது என்று பிற்காலத்தில் நான் மாணவர்களுக்கு விளக்க ஒரு பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது. அத்தைக்கு ஒரு வரி போதுமாயிருந்தது. பெரியப்பாவோ அசையவில்லை.

அந்த வாரம்தான் பள்ளியில் எங்களுக்கு அமிலமும் காரமும் அறிமுகமாயின. நான் வீட்டிற்கு வந்து, மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவப்பாக்கி, எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டு மீண்டும் மஞ்சளாக்கி அத்தைக்குக் காட்டினேன். டயரில் கந்தகம் உண்டு, அது எரிந்து மழையோடு கலந்தால் மழையும் எலுமிச்சை போலப் புளித்துவிடும் என்று ஆசிரியர் கூறியதையும் ஒப்பித்தேன்.

"இன்னொரு வாட்டி செஞ்சு காட்டு பாப்பா" என்றார் அத்தை. மறுபடியும் செய்து காட்டினேன். என் திறமையைக் கண்டு வியக்கிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

தீபத்தன்று காலை, அவ்வாண்டு மணமான பெரியப்பாவின் மகள் தன் கணவரோடு தலைத்தீபத்திற்கு வந்திறங்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆரத்தி கரைத்தவர் அத்தை. குருதிச் சிவப்பாயிருந்த தட்டை, ஓட்டு விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில் ஒரு முக்காலியின்மேல் வைத்துவிட்டுக் கற்பூரம் எடுக்க உள்ளே போனார். சற்று நேரத்தில் கற்பூரத்தோடு வந்து தட்டின்மேல் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "அண்ணி, நீங்களே எடுத்துச் சுத்துங்க" என்று அழைத்தார். பெரியம்மா தட்டைக் கையிலெடுத்து அலறிவிட்டார். நீர் மஞ்சளாக இருந்தது.

மணப்பெண் தாலியைக் கையில் பற்றிக்கொண்டார். சிவப்பு வெளிறுவதற்கு எங்கள் பக்கத்தில் என்ன பொருள் சொல்வார்கள் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. ஒருவரும் வாய் திறந்து அதைச் சொல்லவில்லை; எல்லாரும் அதையே எண்ணினார்கள்.

நான் முன்னே பாய்ந்தேன். "சகுனமெல்லாம் ஒண்ணும் இல்ல பெரியம்மா! பெரியப்பா டயர் எரிச்சாரே, அந்தப் பொகதான். அது மழயில கலந்து புளிச்சுப் போச்சு. புளிச்ச தண்ணி பட்டா ஆரத்தி மஞ்சளாயிடும். வேணும்னா எலுமிச்சம்பழம் குடுங்க, செஞ்சு காட்றேன்."

"பெரியவங்க இருக்கச்சே நடுவுல இன்னா இது?" என்று அப்பா அதட்டினார்.

"இருங்க சின்ன மாமா, பாப்பா சொல்லட்டும்" என்றார் புதுமாப்பிள்ளை. பிறகு மாமனாரை நோக்கித் திரும்பினார். "இன்னா மாமா, மெய்தானா? டயர் பொகயா இது?"

பெரியப்பா தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். புகை குற்றவாளி இல்லையென்றால் மகளின் தாலிக்குத் தீங்கென்று ஆகும். ஆலையைக் காப்பதா, மகளைக் காப்பதா என்ற அந்த வழக்கில் அவர் நெடுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமாங்க மாப்ள! டயர் பொகதான்! வேற இன்னா? பாழாப் போன பொக!" என்று தெருவே கேட்கக் கூவினார். "தங்கச்சி தலயால அடிச்சுகிட்டா, நான்தான் கேக்கல. செடியெல்லாம் போச்சு பாருங்க!"

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதிதாக ஆரத்தி கரைக்க உள்ளே விரைந்தார்.

தெருவறியச் சொன்ன சொல்லைப் பெரியப்பாவால் மீறவியலவில்லை. எஞ்சிய டயர்கள் அன்றே வந்த வழியே திரும்பின. அடுத்த கார்த்திகைக்குள் சக்கையை நனையாமல் காக்க ஒரு கூரைக் கொட்டகை எழுந்தது. அந்த ஆலை அதன்பின் ஒரு டயரையும் எரித்ததில்லை. புளித்த மண்ணில் அத்தை சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்தினார். மறு ஆண்டு சாமந்தி பொன்னாய்ப் பூத்தது. பத்து வயதில் ஓர் ஆலையின் அடுப்பைத் திருத்தியவள் என்ற பெருமையோடுதான் நான் வேதியியல் படிக்கவே சென்றேன்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெருமையைச் சோதித்துப் பார்க்கும் ஆசை வந்தது. மாசற்ற மழையைக் காட்டிலும் பன்மடங்கு புளித்த நீரை நானே கலந்து, ஆரத்தியில் சொட்டுச் சொட்டாக விட்டேன். மாலை வரை சிவப்பாகவே இருந்தது. இலையை நாள்தோறும் அரித்துக் கொல்லப் போதுமான புளிப்பு, சுண்ணாம்பு கலந்த ஒரு தட்டு ஆரத்தியைச் சிறுபொழுதில் மாற்றப் போதாது. புகை செய்த குற்றம் மெய். நான் காட்டிய சான்று மெய்யன்று.

அன்று வாசலில் ஆரவாரம் ஓய்ந்தபின், அத்தை என்னைத் தனியே அழைத்து அணைத்துக்கொண்டு, "எந் தங்கம், நீ பேசுவேன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி ஒரு பொரி உருண்டையைத் தம் கையாலேயே என் வாயில் ஊட்டினார். உருண்டை இனித்தது. அவர் விரல்களில் எலுமிச்சை மணத்தது. அன்றைய சமையலில் எலுமிச்சைக்கு வேலையே இல்லை என்பதை, பெருமையால் வாய் நிறைந்திருந்த நான் எண்ணிப் பார்க்கவில்லை.