அலமாரிக்குப் பின்னால் ஒரு வாசல்

இது நடந்தது. எனக்கே நடந்தது. தேதியையும் மணியையும் நிலவறையில் மாட்டிய காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். நான் மட்டும் கேட்டிருந்தால் காதுக் கோளாறு என்று விட்டிருப்பேன். என் மனைவி மார்லிசும் கேட்டாள். அவள் இப்போது தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

மினசோட்டாவில் எங்களுடையது சின்ன ஊர். நான் தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நிலவறையைச் சீராக்க முடிவு செய்தோம். பாதி, பேரப்பிள்ளைகள் வந்தால் எல்லாரும் கூடி உட்காரவும் படுக்கவும். மீதி, மார்லிசின் ஆயிரத்து இருநூறு புத்தகங்களுக்கு.

நிலவறைக்கு இரண்டு வழிகள். ஒன்று வீட்டுக்குள்ளிருந்து இறங்கும் மரப்படி. இன்னொன்று வடக்குச் சுவரில் ஒரு வாசல். அதைத் தாண்டினால் ஏழு சிமெண்ட் படிகள். மேலே, தோட்டத்தில், தரையை ஒட்டிச் சாய்ந்தாற்போல் இரட்டைத் தகரக் கதவு. ஈரம் ஏறாத சுவர் அந்த வடக்குச் சுவர் ஒன்றுதான். அலமாரிக்கு வேறு இடம் இல்லை. மார்ச் மாதம் ஹாலோ பிளாக் கல் வைத்து அந்த வாசலை அடைத்தேன். வெளியே இருந்த தகரக் கதவைப் பெயர்க்கச் சோம்பல், அப்படியே விட்டுவிட்டேன்.

நான் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தபோது ஜோலீன் வந்து நின்றாள். சாலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக இருக்கும் ட்ரெய்லர் வீடுகளில் ஒன்றில், இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாக வசிப்பவள். வான்கோழி இறைச்சி ஆலையில் வேலை.

“என்ன சார், வாசல மூடுறீங்க?”

“புத்தகம் அடுக்கப் போறோம்.”

“அப்ப சுழற்காற்று சைரன் அடிச்சா நாங்க எங்க போய் ஒதுங்கறது? பழைய வீட்டுக்காரர் இந்தக் கதவுக்குப் பூட்டே போட்டதில்ல. எங்க தகர டப்பாவுக்குக் கீழ சக்கரந்தான் இருக்கு.”

“முன்வாசலுக்கு வாங்க. தொறந்துதான் இருக்கும்.”

“சரி. உங்க புத்தகத்துல எங்க லேனி கிறுக்கிட்டா என்னைக் கேக்கக் கூடாது. அவளுக்கு நாலு வயசுதான், ஆனா பென்சில் எடுத்தா பேய்.”

சிரித்துக்கொண்டே போனாள்.

இங்கே மாதத்தின் முதல் புதன்கிழமை, பகல் ஒரு மணிக்கு, சுழற்காற்றுச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஏப்ரல், முதல் புதன். அலமாரி நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. மணி 1.00. சைரன் எழுந்தது. நான் கீழே கம்பளம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

டொக். டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக். டொக்.

பிறகு, உள்ளங்கையால் அறைவதுபோல் ஒன்று.

அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. சைரன் நின்றதும் அதுவும் நின்றது. காய்ந்த சிமெண்ட் விரிசல் விட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மூன்றாவது தட்டில் பதினொரு புத்தகங்கள் ஒரு விரற்கடை முன்னால் தள்ளி வந்திருந்தன. அதற்குக் கீழ்த்தட்டில், முழங்கால் உயரத்தில், நான்கு புத்தகங்கள்.

மே, முதல் புதன். மணி 1.00. மார்லிசும் பக்கத்தில் இருந்தாள். மூன்று, இரண்டு, ஒன்று. பிறகு கல்லுக்கு அப்பால் மெல்லிய குரல். என்ன சொல்கிறது என்று புரியவில்லை. அழுகையா, பேச்சா என்றும் தெரியவில்லை. ஒன்றல்ல, இரண்டு குரல்கள்...

நேரே ஜோலீன் வீட்டுக்குப் போனேன்.

“உன் பிள்ளைங்க என் தோட்டத்துப் படியில விளையாடுதுங்க. சொல்லி வை.”

“எப்ப?”

“இப்பதான். ஒரு மணிக்கு.”

“டெஸ்ஸா ஸ்கூல்ல இருக்கா. லேனி நாலு மைல் தள்ளிப் பிள்ளைங்க காப்பகத்துல. உங்க வீட்டுப் பேய்க்குப் படிக்க ஆசை போல சார். ஒரு புத்தகம் குடுத்து அனுப்புங்க!”

ஜூன், முதல் புதன். மணி 12.55. மார்லிசைக் கீழே உட்கார வைத்துவிட்டு, நான் தோட்டத்தில் தகரக் கதவைத் தூக்கித் திறந்தேன். ஏழு படிகளும் வெறுமை. மேல்படிக்குக் குறுக்கே சிலந்தி வலை, ஓர் இழைகூட அறாமல். 1.00 மணிக்குச் சைரன். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே மார்லிஸ் அலறினாள்.

அவளுக்குக் கேட்டிருக்கிறது. முழுதும் கேட்டிருக்கிறது.

அன்று மாலை அவள் சொன்னாள்: “சுவத்த உடைச்சிடு, ஆர்லன். உள்ள வரணும்னுதான கேக்குது?”

“வந்துட்டா? பேரப்பிள்ளைங்க எங்க படுக்கும்? அது பக்கத்துலயா?”

“நீ பிள்ளைங்களுக்காகச் சொல்லல. மூணு மாசம் இழைச்ச அலமாரிக்காகச் சொல்ற.”

அன்றிலிருந்து, பூட்டே இல்லாத தகரக் கதவு தவிர, எல்லாக் கதவுகளையும் பூட்டத் தொடங்கினேன். முன்வாசலையும்.

ஜூன் 21, சனிக்கிழமை. மாலை 5.41. வானம் பாசி நிறத்தில் இருந்தது. சைரன் அடித்தது. நானும் மார்லிசும் கீழே ஓடினோம். மின்சாரம் போனது. கைவிளக்கு ஒன்றுதான்.

மணி 5.47.

டொக். டொக். டொக்.

டொக். டொக்.

உள்ளங்கை.

மார்லிஸ் எழுந்தாள். “யாரோ வந்திருக்காங்க.”

“அது அதேதான். எண்ணிப் பாரு. மூணு, ரெண்டு, ஒண்ணு.”

“இன்னைக்கு டெஸ்ட் இல்ல, ஆர்லன்!”

அவள் புத்தகங்களை வாரித் தரையில் போட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். மரப்படிக்கு ஓடினாள். குறுக்கே நின்றேன். பெரிய சுத்தியல் பக்கத்து அறையில் இருந்தது. நான்கு எட்டு தூரம்.

“மேல போனா நீ செத்துடுவ,” என்றேன்.

“விடு என்னை... பாவி, விடு...”

டொக். டொக். டொக்.

குரல்கள் கேட்டன. இந்த முறை அழுகை என்று தெரிந்தது.

புத்தகங்கள் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்தன.

நான் அசையவில்லை.

5.51. காது அடைத்தது. வீடு மூச்சை உள்ளே இழுத்தது.

பிறகு... ஒன்றுமில்லை.

தட்டலும் இல்லை.

6.10க்கு மேலே வந்தேன். எங்கள் வீட்டில் ஓர் ஓடுகூடப் போகவில்லை. முன்வாசல் கைப்பிடியில் சேறு. சின்ன விரல் தடங்கள்.

வடக்குப் பக்கம் ஓடினேன். ஏதோ ஒரு ட்ரெய்லரின் கூரை படிக்கட்டை மூடிக் கிடந்தது. தீயணைப்பு வீரர்கள் அதைத் தூக்க முக்கால் மணி நேரம் ஆனது.

கடைசிப் படியில், நான் வைத்த கல்லோடு ஒட்டி, டெஸ்ஸா. ஒன்பது வயது.

அவள் மடியில் லேனி.

ஜோலீன் அன்று ஆலையில் இருந்தாள். இரவு எட்டு மணிக்குத்தான் வந்தாள்.

அதன்பின் நான் செய்த காரியத்தையும் எழுதிவிடுகிறேன். மாவட்ட அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். எங்கள் வீடு 1961இல் கட்டியது. எனக்கு முன் நான்கு குடும்பங்கள். யார் எங்கே, எப்படிச் செத்தார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒரே ஒரு பிணம் கிடைத்தால் போதும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் சாகவில்லை. அந்தத் தெருவில் சுழற்காற்றே அடித்ததில்லை.

ஆகஸ்டில் ஜோலீன் ஊரை விட்டுக் கிளம்பும் முன் எங்கள் வாசலுக்கு வந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“ஏப்ரல்லேர்ந்து, டெஸ்ட் சைரன் அடிக்கிறப்பல்லாம் காப்பகத்துல லேனி வீறிட்டு அழுவாளாம். சுவத்துக்கிட்டப் போய்த் தட்டுவாளாம். மூணு... ரெண்டு... அப்புறம் கைய விரிச்சு ஒண்ணு. ‘தாத்தா தொறக்க மாட்டேங்கறாரு’ம்பாளாம். டீச்சர் அப்பவே எங்கிட்டச் சொன்னாங்க.”

கிளம்பப் போனவள் திரும்பினாள்.

“நான்தான் லேனிகிட்டச் சொன்னேன் சார். அவரு நல்லவருடி... விடாம தட்டு, கட்டாயம் தொறப்பாருன்னு.”