மாஸ்டர் கொண்டுவந்த கிளிமீன்

மீன் தலையைப் பாக்கியரத்தினம் அங்கிள் அவசரப்பட்டு உடைக்கமாட்டார். சுண்டுவிரலால் கன்னத்தை நெம்பி, அந்தச் சின்னச் சதையைச் சிதையாமல் எடுத்து, குழம்பில் தோய்த்து, வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். மற்றக் கன்னம் மனைவி ராசமலர் அன்ரியின் தட்டுக்குப் போகும்.

அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓர்ஸ் ஹில்லில் அவர்கள் வீட்டு மேலறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். சாப்பாடும் அவர்களோடுதான்.

இந்த வருசம் அன்ரி சனிக்கிழமைகளில் ஓவிய வகுப்புக்குப் போகத் தொடங்கினா. கிண்ணியாவிலிருந்து வரும் கலீலுர் றஹ்மான் மாஸ்டர் படிப்பிக்கிறார். அதற்குப் பிறகு அங்கிள் வாங்கிவரும் மீன் நேரே அடுப்புக்குப் போவதில்லை. குசினி மேசையில் படுத்துக்கிடக்கும். அன்ரி தூரிகையோடு அதன் முன்னால் இருப்பா.

"மலர், இது சட்டிக்கோ, சுவருக்கோ?"

"இன்னும் ஒரு செட்டைதான். பொறுங்கோ."

"அதை என்ர வயித்துக்குச் சொல்லும்."

பசியைவிடப் பெரிய வில்லங்கம் ஒரு சனிக்கிழமை வந்தது. அன்ரி கொண்டுவந்த படத்தில் நீலமும் பச்சையுமாய் ஒரு கிளிமீன்.

"இது ஆர் வாங்கின மீன்?"

"மாஸ்டர் வகுப்புக்குக் கொண்டந்தவர். நிறத்தைப் பாருங்கோவன்!"

"ஓம், மாஸ்டரின்ர மீனெல்லோ. மினுங்கத்தான் செய்யும்."

அன்று இரண்டு கன்னத்தையும் அவரே தின்றார்.

"தம்பி, நீர் கவிதை வாசிக்கிற ஆள். சொல்லும், மீன் தின்னவோ பாக்கவோ?"

"ரெண்டுக்கும்" என்றேன், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"இவரும் மாஸ்டரின்ர கட்சி."

எனக்கு அங்கிளில் பொறாமையாக இருந்தது. நான் வாசிக்கிற கவிதைகளில் எத்தனையோ பேர் பிரிந்து உருகுகிறார்கள். ஒரு மீனுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கு ஒருவரும் இல்லை.

வகுப்பு முடிவில் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம். எந்தப் படத்தைக் கொடுத்தா என்று அன்ரி சொல்லவில்லை. அங்கிளும் கேட்கவில்லை. "நான் வரேல்ல. கால் நோகுது" என்று மட்டும் சொன்னார். நான் போனபோது, மடிப்புக் கலையாமல் மினுக்கிய சேட்டோடு எனக்கு முன்னமே அங்கே நின்றார்.

சுவரில் அன்ரியின் படம்: ஒரு பாரை மீன். வெள்ளி உடல், மஞ்சள் வால், ஒரு சிராய்ப்பும் இல்லை.

மாஸ்டர் பக்கத்தில் வந்தார். "மாஷா அல்லாஹ், வடிவான மீன். எங்க கிடைச்ச?"

"நான் வாங்கிக் குடுத்தனான்" என்றார் அங்கிள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. எங்கே என்பதைச் சொல்லவில்லை.

அதை அடுத்த கிழமை மீன் சந்தையில் றுவைஸ் சொன்னான். அவனிடம்தான் அங்கிள் வழக்கமாக மீன் வாங்குவது.

"உங்கட கிரேன் ஐயா இப்ப இஞ்சால வாறதே இல்ல. விடிய வெள்ளன சைக்கிள்ல சல்லிக் கடற்கரைக்குப் போறாராம். தோணி கரை தட்டினவுடன, மீனைப் பெட்டிக்குள்ள எறிய விடாம, ஒரு செதிலும் சிராயாம வலையில இருந்து தன்ர கையாலயே கழட்டி எடுக்கிறாராம்."