ஏழாம் நம்பர் கால்

கடையில் என்னை ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். செருப்புக் கடையில் இருபத்தொரு வருஷ வேலை. வாசலில் ஏறி வரும்போதே ஆளின் காலைப் பார்த்து நம்பரைச் சொல்லிவிடுவேன். காலை வைத்து அளக்கிற பலகை ஒன்று ஸ்டூலுக்கு அடியில் கிடக்கிறது. தூசி தட்ட மட்டும் அதை வெளியே எடுப்பேன். "ஸ்கேலுக்கு எதுக்குப்பா ஸ்கேல்?" என்று முதலாளி சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. இந்தத் திமிரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

தினம் நாற்பது ஐம்பது பேரின் கால். வெடிப்பு, ஆணி, கொப்புளம், நாற்றம் என்று எல்லாவற்றையும் குனிந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், கால் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது.

என் மனைவி லாண்டரியில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று இடது காலை நீட்டினாள். குதிகாலின் அடியில் மிளகளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு.

"கடையில பார்த்த காலெல்லாம் பத்தாதா?" என்றேன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் காலை மடக்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சம்டி. பெரிய மச்சக்காரிதான் நீ. இல்லேன்னா என்னை மாதிரி ஒருத்தன் கிடைப்பானா?" என்றேன்.

அவளும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் மச்சக்காரி. மகள்கூட, "மச்சக்காரி, சாப்பாடு ரெடியா?" என்பாள். பெயரே வைத்தாகிவிட்ட பிறகு, பாவம், அதைப் போய் எப்படி வியாதி என்பாள்? ஒரு வருஷம் கழித்து இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். "பெரிசாயிட்டே போகுதுங்க. ஓரமெல்லாம் கோணலா இருக்கு."

"அதிர்ஷ்டமும் சேர்ந்து பெரிசாகுதுன்னு நினைச்சுக்கோ" என்றேன். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன வருஷம் ஒரு மத்தியானம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். "எட்டு" என்றேன் வழக்கம்போல. "ஒரு காலுக்குச் சரி தம்பி. இதுக்கு?" என்று வலது கால் உறையைக் கழற்றினார். குதிகாலில் ஒரு பக்கம் பள்ளம். மேலே ஒட்டுப்போட்ட தோல்.

"இங்க கறுப்பா ஒண்ணு இருந்துச்சு. மச்சம்னு விட்டுட்டேன். மெலனோமான்னாங்க, தோல்ல வர்ற கேன்சர். வெயில்ல அலைஞ்சவன் நான். முகத்துல வந்திருந்தா நாலு பேர் சொல்லியிருப்பாங்க. வெயிலே படாத இடத்துல வந்துச்சு. நம்மள மாதிரி கறுத்த தோலுக்கு உள்ளங்கால்லயும் நகத்துக்கு அடியிலயும்தான் அதிகமா வருமாம். புதுசா வந்து வளர்ந்தா, ஓரம் கோணினா, நிறம் மாறினா உடனே காட்டிடணும்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு யாரு அதை முன்னாடியே சொன்னாங்க?"

அவருக்குச் செருப்புக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. நேரே லாண்டரிக்கு ஓடினேன். அழுக்குத்துணி மூட்டைமேல் அவளை உட்காரவைத்து, தரையில் குந்தி, காலைக் கையில் எடுத்தேன். "ஐயோ, எல்லாரும் பார்க்கிறாங்க, விடுங்க" என்றாள். மிளகாக இருந்தது கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாகியிருந்தது. கறுப்பு, பழுப்பு, நடுவில் சாம்பல். ஒரு ஓரத்தில் ஈரம். ஊரார் காலெல்லாம் ஏந்திய கை இது. அவள் காலை அன்றுதான் முதல்முதலாக ஏந்தியது.

மறுநாள் தோல் டாக்டரம்மா, "எப்ப முதல்ல பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர். இவர் பார்த்ததும் கூட்டிட்டு வந்துட்டார்" என்றாள் என் மனைவி.

பொய். என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் நல்ல புருஷன். டாக்டரம்மா எழுதத் தொடங்கிவிட்டார். அந்த ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. பிறகுதான் சொன்னேன்: "ரெண்டு வருஷம் டாக்டர். அவ காட்டினா. நான்தான் பார்க்கலை."

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். திட்டியிருந்தால் தேவலை.

சதை எடுத்துச் சோதித்தார்கள். அதேதான். குதிகாலை அகலமாக வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இடுப்பு மடிப்பில் ஒரு நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்த்தார்கள், அதுவரை பரவவில்லை. "தப்பிச்சீங்க. ஆனா முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு வெட்டியிருக்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். மச்சக்காரி என்று இப்போது வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை.

காயம் ஆறியதும், மெத்தென்று, கொஞ்சம் இடம் விட்ட செருப்பு போடச் சொன்னார்கள். கடையிலிருந்து பலகையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். கண்ணை நம்பும் துணிச்சல் போய்விட்டது. நல்ல காலை முதலில் வைக்கச் சொன்னேன். ஏழு. பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஏழுதான்.

கல்யாணமான நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஆறாம் நம்பர்தான் வாங்கி வருகிறேன்.

"ஏம்மா, இத்தனை வருஷமா கடிக்கலையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் காலைப் பலகையிலிருந்து மெல்ல எடுத்தாள்.

"சொன்னேங்க" என்றாள்.