நீலாவின் எவர்சில்வர் தூக்கு

இது நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன். நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

"எழுத வேண்டாம்ப்பா, ஊர் சிரிக்கும்" என்கிறான் என் மகன் ஆதர்ஷ். சிரிக்கட்டும். அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மீட்டர் காட்டாத எண்ணை ஒரு நாளும் எழுதியவனல்ல. என் சம்பந்தி சுப்பிரமணியம் போகிற கல்யாண வீடுகளில் எல்லாம், "எங்க சம்பந்திக்குக் கொஞ்சம் மறை கழண்டுடுத்து" என்று சொல்லி வருவதாகக் கேள்வி. அன்று அவரும் அங்கே இருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. எங்கள் குடும்பத்துப் பெரியவன் பொய்யனுமில்லை, பைத்தியமுமில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2008-ஆம் வருடம். தெலுங்கு ஊரில், ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீடு. கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆதர்ஷுக்குத் திடீரென்று ஓர் ஆசை. படுக்கை போட்ட வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமாம். ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு ஏரி ஏரியாகத் தேடினான்.

"சொந்த வீடு இருக்கறச்சே வண்டியில படுப்பானேன்?" என்றேன்.

என் மனைவி நீலா அவன் சொன்ன தேதியை நாள்காட்டியில் பார்த்தாள். "அன்னிக்கு ஆடிப் பதினெட்டுன்னா! காவேரிதான் இங்கே இல்லை. ஓர் ஏரிக்கரையிலயாவது சித்ரான்னம் சாப்பிடலாமே."

அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மருமகள் ப்ரியம்வதா வந்து நான்கு வருடம். வீட்டில் குழந்தை இல்லை. தண்ணீரைக் கும்பிட்டு அவளுக்கு ஒரு மஞ்சள் சரடு கட்டவேண்டும். அவ்வளவுதான்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சென்னையிலிருந்து வந்திருந்த சம்பந்தி வாயைத் திறந்தார். "விடுங்கோ மாப்பிள்ளே. அப்பாவுக்கு வயசாயிடுத்து. இருட்டுன்னா பயமா இருக்கும்."

"பயமா? முதல்ல வண்டியில ஏறப்போறது நான்தான்" என்றேன்.

ஏறினேன்.

ஏரியின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நகரத்திலிருந்து மூன்று மணி நேரம். பழைய அணைக்கட்டுத் தண்ணீர். எங்கள் வேனைத் தவிரக் கரையில் ஈ காக்கை இல்லை. நீலா சரடு கட்டினாள். மாவிளக்கைத் தட்டில் வைத்துத் தண்ணீரில் விட்டாள். காற்று எங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசியது. ஆனாலும் விளக்கு உள்ளே போகவில்லை. கரைக்கே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது.

"அலை அடிக்கறதும்மா" என்றான் ஆதர்ஷ்.

அலை இல்லை.

மாலை ஆறே முக்கால். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாவற்றையும் ஜமக்காளத்தில் பரப்பி உட்கார்ந்தோம். அதுவரை காதைப் பிளந்த தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் ஓரமாக ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவள் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

சாப்பிடும் நேரத்தில் எதிரில் வந்தவரை உபசரிக்காத வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "வாங்கம்மா, சாப்பிடுங்க" என்று தெலுங்கில் கூப்பிட்டேன்.

அவள் கிட்டே வரவில்லை. அவளும் தெலுங்கில்தான் பேசினாள். "எனக்கு வேண்டாம் அய்யா. என் பெண்ணுக்குக் கொடுங்க. புளிச்சோறு கேட்கிறா. வயித்துப் பிள்ளைக்காரி." ப்ரியம்வதாவைப் பார்த்தாள். "உங்க வீட்டுப் பெண் மாதிரியே."

ப்ரியம்வதா தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்திக்கு முகம் சிவந்தது. "யாரோ என்னமோ உளர்றா. மிச்சம் மீதியை ஒரு பேப்பர்ல கட்டிக் கொடுத்து அனுப்புங்கோ சம்பந்தி."

"பிள்ளைத்தாச்சிக்கு மிச்சத்தைக் கொடுக்கிறது உங்காத்து வழக்கமா இருக்கலாம்" என்றேன்.

நீலாவின் எவர்சில்வர் தூக்கை எடுத்தேன். எங்கள் கல்யாணத்தில் அவள் அப்பா கொடுத்தது. கழுத்தில் 'நீலா' என்று பெயர் வெட்டியிருக்கும். அது நிறையப் புளியோதரையைப் போட்டு மூடி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டாள். அவள் விரல் என்மேல் பட்டது. கிணற்றுத் தண்ணீரில் கை விட்ட மாதிரி சில்லென்றிருந்தது.

"பாத்திரம் சும்மா வராது அய்யா. நல்ல சேதியோட வரும்."

"மெதுவா வரட்டும்மா" என்றேன்.

கரையோரமாக நடந்து, திருப்பத்தில் மறைந்தாள். தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின. ஆதர்ஷ் டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தத் திருப்பம்வரை போய்விட்டு வந்தான். முகம் சரியில்லை.

"அங்கே வழியே இல்லப்பா. வெறும் பாறை. அதுக்கப்புறம் தண்ணிதான்."

படுத்துவிட்டோம்.

இரவு இரண்டு பத்துக்கு விழித்தேன். தவளைச் சத்தம் இல்லை. வேறு ஒரு சத்தம்…

சர்ர்க்… சர்ர்க்… சர்ர்க்…

மண் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம்.

நீலா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேல் படுக்கையில் சம்பந்தி, போர்வைக்குள் சகஸ்ரநாமம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆம், அவர்தான். மறுநாள் காலையில் "நன்னாத் தூங்கினேன்" என்று சொன்ன அதே மனிதர்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

டார்ச் வெளிச்சத்தில் கரை காலியாக இருந்தது. சத்தம் கரையிலிருந்து வரவில்லை. ஏரியின் நடுவிலிருந்து வந்தது. இல்லை…

அடியிலிருந்து.

சர்ர்க்… சர்ர்க்…

"யாரது?" என்றேன்.

நின்றது.

பயந்தேன். மறைக்கமாட்டேன். ஆனால் பின்னால் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

ணங்…!

என் காலடியில். பாறைமேல் பாத்திரம் வைக்கிற சத்தம்.

டார்ச்சைத் திருப்பினேன்.

பாத்திரம் இல்லை.

காய்ந்த பாறைமேல் வட்டமாக ஓர் ஈரம். தூக்கின் அடிப்பாகம் அளவுக்கு.

"அவசரமில்லை!" என்று தண்ணீரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "எங்காத்துப் பாத்திரம், எப்ப முடியுமோ அப்ப அனுப்பு!"

விடியும்வரை வேன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதக் கடைசியில், ப்ரியம்வதா உண்டாகியிருப்பதாக டாக்டர் சொன்னார். நாளைக் கணக்குப் பார்த்தால், ஆடிப் பதினெட்டன்று அது அவளுக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று கேட்டபிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து நானும் நீலாவும் அதிகாலையில் வீடு திரும்பினோம்.

வாசலில் தூக்கு இருந்தது.

'நீலா' என்ற எழுத்தின் இடுக்கில் மணல். பாத்திரம் முழுக்க ஈரம். மூடியைத் திறந்தேன். கழுத்துவரை சர்க்கரை. அத்தனை ஈரத்திலும் ஒரு மணிகூடக் கரையவில்லை.

"கொட்டுங்கோ… தொடாதீங்கோ" என்று நீலா அழுதாள். பின்னாலேயே வந்த சம்பந்தி, "சாக்கடையில கொட்டுங்கோ சம்பந்தி" என்றார். ராத்திரி நன்றாகத் தூங்கியவருக்கு அதைக் கண்டு ஏன் பயம் என்று நான் கேட்கவில்லை.

குழந்தை பிறந்ததற்கு ஒரு வீட்டில் சர்க்கரை கொடுத்தால், வேண்டாமென்று கொட்டுகிற குடும்பம் அல்ல எங்களுடையது. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இனித்தது. பல்லில் மணல் நறநறத்தது.

எங்கள் வீட்டில் பேத்தி பிறந்ததற்குத்தான் அவள் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். ராஜாராமனைப் பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்தவர். அதற்கு முன்னால், சின்ன வயதில், அந்த அணைக்கட்டு வேலையில் இருந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவர் சொன்னார்:

"முதல் தடவை தண்ணி தேக்கினப்போ, ஒரு வீட்டுக்காரா மட்டும் ஊரைக் காலி பண்ணலை. அம்மாவும் பொண்ணும். பொண்ணு நிறைமாசம், நடக்க முடியாது. பிரசவம் ஆனதும் போயிடறோம்னு கெஞ்சினா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆகறதுக்குள்ள தண்ணி வந்துடுத்து."

நான் வீட்டுக்கு வந்தேன். தூக்கில் இன்னும் பாதிச் சர்க்கரை இருந்தது.

யாருக்குக் குழந்தை பிறந்ததற்கு அது வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.